பாகீரதி பள்ளத்தாக்கு: ஐஸ் அகலமாக்குச்சு, ஆறு ஆழமாக்குச்சு (ஒரு நிகழ்வு ஆய்வு)

ஆறு வெட்டுனா வி வடிவம், பனியாறு வெட்டுனா யூ வடிவம்னு ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், படம் போட்டு பாகம் குறிச்சா மார்க்கும் குடுத்துருவாங்க. அது தப்பில்ல. ஆனா நெஜமா ஒரு பள்ளத்தாக்க எடுத்து உச்சில இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு வந்தீங்கன்னா ரெண்டும் ஒரே எடத்துல மாறி மாறி வேல பாத்துருக்கும், ஐஸ் செதுக்குனத ஆறு அறுத்திருக்கும், நடுவுல மலை சரிஞ்சு அத மூடியிருக்கும், திரும்ப ஆறு அந்த சரிவையும் வெட்டிக்கிட்டு போயிருக்கும். அதனால பொதுவா பேசாம ஒரே ஒரு பள்ளத்தாக்க முழுசா பாத்துருவோம்னு தான் இத எழுதுறேன். எடுத்துக்கிட்டது உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்துல ஓடுற பாகீரதி, கங்கையோட தலையாறுகள்ல ஒண்ணு. கங்கோத்ரி பனியாறு முடியுற கோமுகத்துல ஆரம்பிச்சு ஜாலாங்குற ஊர் வரைக்கும், அதுக்குக் கீழயும் கொஞ்சம்.

நான் மண்டபம் பக்கம், +1 +2 பசங்களுக்கு ஜாக்ரபி நடத்துறவன். எங்க ராமநாதபுரம் கடற்கரைல மலைன்னு சொல்ல ஒண்ணும் கெடையாது, இங்கிட்டு வடகடல் (பாக் விரிகுடா), அங்கிட்டு தென்கடல் (மன்னார் வளைகுடா), நடுவுல மணலும் ஒடமரமும் பனையும் தான். ஆனா அந்த இமயமலைப் பள்ளத்தாக்கோட துகள் எங்க ஊருக்கு தெனமும் வந்துக்கிட்டு இருக்கு. காசி யாத்திரை பண்ற வடநாட்டு ஜனங்க இங்கருந்து சேது மண்ண எடுத்துட்டுப் போயி பிரயாகைல கரைச்சுட்டு, அங்கருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் பண்றது ரொம்பக் காலத்துப் பழக்கம், அதுல நெறய பேரு கங்கோத்ரிலயே கேன்ல புடிச்சுட்டு வர்றாங்க.

அப்படி ஒரு குடும்பம் குடுத்துட்டுப் போன சின்ன பாட்டில் எங்க வீட்டு அலமாரில இருந்துச்சு. மேல தண்ணி தெளிஞ்சு கண்ணாடியா இருக்கு, அடியில ஒரு விரல் கனத்துக்கும் கம்மியா சாம்பல் நெறத்துல ஒரு படிவு. ஒரு குலுக்கு குலுக்குனா தண்ணி மொத்தமும் பால் கலந்த சாம்பலா மாறிருது, சாயங்காலம் வரைக்கும் தெளியாது, மறுநாள் காலைல தான் அடி தெரியுது. கொஞ்சத்த கறுப்புத் தட்டுல ஊத்தி வெயில்ல காயவச்சு விரலால தேச்சா மணல்னே தோணாது, வழுவழுன்னு ஒட்டுது, லென்ஸ் வச்சுப் பாத்தா ஊடால ஊடால மைக்கா மினுக்குது. அதுக்குப் பக்கத்துல ஆத்தங்கரை முகத்துவாரத்துல அள்ளுன வைகை மணல வச்சு பசங்களுக்குக் காட்டுனேன். அது நறநறன்னு இருக்கு, குலுக்கி வச்சா நிமிஷத்துல அடியில போயி படுத்துருது. ரெண்டுமே ஆத்துல வந்தது தான், ஆனா ஒண்ண ஒடச்சது ஆறும் வெயிலும் மழையும், இன்னொண்ண அரைச்சது ஐஸ். இந்த ஆய்வுக்கு எனக்குக் கெடச்ச மொதல் சாட்சி அந்த பாட்டில் தான்.

ஐஸ் எப்படி அரைக்குது

பனி வருஷா வருஷம் விழுந்து, உருகுறத விட சேருறது அதிகமாயி, அடியில இருக்குறது மேல உள்ள கனத்துல இறுகி ஐஸ் ஆகுது. அது முப்பது மீட்டருக்கு மேல தடிமனாச்சுன்னா தன்னோட எடைக்கே மெதுவா வளைஞ்சு நகர ஆரம்பிச்சிரும், அடியில உருகுன தண்ணி இருந்தா வழுக்கிக்கிட்டும் போகும். இதுல தான் ரெண்டு வேல நடக்குது. பாறை விரிசலுக்குள்ள தண்ணி போயி உறைஞ்சு ஐஸோட ஒட்டிக்கிச்சுன்னா ஐஸ் நகரும்போது அந்தப் பாறைத் துண்டையும் பேத்து இழுத்துட்டுப் போயிரும். அப்படிப் பேத்த கல்லெல்லாம் ஐஸோட அடியில பதிஞ்சு நிக்க, ஐஸ் அடிப்பாறை மேல உப்புத்தாள் மாதிரி தேய்க்குது. சும்மா ஐஸுக்குப் பாறைய தேய்க்கத் தெம்பு கெடையாது, தேய்க்கிறது அதுல பதிஞ்ச கல்லு. அந்தத் தேய்ப்புல வர்ற மாவு தான் பாட்டில் அடியில படிஞ்சது, பாறை மாவுன்னு சொல்றாங்க. கங்கோத்ரி சுத்தி இருக்குறது வெளிர் நெறக் கிரானைட், மைக்கா நெறய உள்ள கல்லு, அதனால தான் மாவும் மினுக்குது.

ஆறுக்கும் ஐஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், எவ்வளவு எடத்த தொடுதுங்குறது தான். ஆறு பள்ளத்தாக்கோட அடியில ஒரு கோடு மட்டும் தான் தொடுது, அந்தக் கோட்ட அறுத்து அறுத்து கீழ எறங்குது. ரெண்டு பக்கச் சரிவும் புடிமானம் போயி மழைக்கு சரிஞ்சு விழுது, விழுந்தத ஆறு அள்ளிட்டுப் போகுது, கடைசில வி கெடைக்குது. அதாவது வியோட ரெண்டு கையையும் ஆறு வெட்டல, நிலச்சரிவு தான் வெட்டுது, ஆறு குப்பைய அள்ளுது. பாடப் புஸ்தகத்துல இத இவ்வளவு தெளிவா சொல்றதில்ல, சொல்லணும். பனியாறு அப்படி இல்ல, பள்ளத்தாக்கு முழுசையும் சில நூறு மீட்டர் ஒயரத்துக்கு ரொப்பிக்கிட்டு நகருது, அடியும் பக்கமும் ஒரே நேரத்துல தேயுது, குறுக்க நீட்டிக்கிட்டு இருந்த மலை மூக்கெல்லாம் வெட்டுப்பட்டு நேராயிருது. அதான் யூ.

மேல இருந்து கீழ

சௌகம்பா சிகரத்தோட (7,138 மீட்டர்) அடிவாரத்துல ஆரம்பிச்சு கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு கெடக்கு. அதோட மூக்கு தான் கோமுகம், கடல் மட்டத்துல இருந்து 4,000 மீட்டர் கிட்ட. அங்கருந்து 18 கிலோமீட்டர் நடந்து எறங்குனா கங்கோத்ரி கோயில், 3,100 மீட்டர் வாக்குல. இந்த 18 கிலோமீட்டரும் பழைய பனியாத்தோட தடம் தான், ரெண்டு பக்கமும் மதில் கட்டுன கணக்கா கல்லும் மண்ணும் கலந்த மேடு நீளத்துக்கு நிக்கும், மொரெயின்னு சொல்றது அத. ஆறு அடிச்சுட்டு வந்த கல்லா இருந்தா பெருசு ஒரு பக்கம் சிறுசு ஒரு பக்கம்னு பிரிஞ்சிருக்கும், மொரெயின்ல லாரி சைஸ் கல்லும் மாவும் ஒண்ணா கலந்து கெடக்கும், ஏன்னா ஐஸுக்குப் பிரிக்கத் தெரியாது, தூக்கிட்டு வந்தத உருகுன எடத்துல அப்படியே போட்டுட்டுப் போயிரும். பக்கத்துல இருந்து வர்ற சின்னப் பள்ளத்தாக்குங்க மெயின் பள்ளத்தாக்கோட அடிமட்டத்துக்கு வந்து சேராம ஒசரத்துல தொங்கிக்கிட்டு நிக்கும். சின்னப் பனியாறு கம்மியா வெட்டுச்சு, பெரிய பனியாறு ஆழமா வெட்டிருச்சு, ஐஸ் போனப்புறம் சின்னது அந்தரத்துல நின்னுபோச்சு, தண்ணி அருவியா விழுகுது.

கங்கோத்ரிக்கு வந்ததும் காட்சி மாறுது. கோயிலுக்குப் பக்கத்துலயே சூரிய குண்டம்னு ஒரு எடம், பாகீரதி அங்க கிரானைட்ட அறுத்து குறுகலான சந்துக்குள்ள விழுந்து போகுது, பாறை வழவழன்னு குடைஞ்சு சுழி சுழியா இருக்கும். இன்னும் கீழ பைரோன்காட்டி கிட்ட ஜாட் கங்கா வந்து சேர்ற எடம் அதவிட ஆழமான பிளவு. அகலமான பனியாத்துத் தரையோட நடுவுல ஆறு ஒரு கத்திக்கோடு போட்டு எறங்கியிருக்கு, யூவோட அடியில ஒரு வி. பள்ளத்தாக்கோட வயசுக்கணக்க இதுலயே படிச்சிரலாம், அகலம் பழசு, அறுப்பு புதுசு.

கங்கோத்ரில இருந்து ரோட்டுல 25 கிலோமீட்டர் எறங்குனா ஹர்சில். இங்க பள்ளத்தாக்கு திடீர்னு விரியுது, தேவதாரு மரம், ஆப்பிள் தோட்டம், ஆறு ஒரே கால்வாயா ஓடாம நாலஞ்சு கிளையா பிரிஞ்சு கூழாங்கல் தரைல ஓடுது. ஹர்சில் தாண்டி ஜாலா வந்துருச்சுன்னா அகலம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கங்நானி, பட்வாரி வரைக்கும் செங்குத்தான வி, ரோடு போட எடமில்லாம மலைய குடைஞ்சு போட்டிருக்காங்க.

ஒரே ஆறு, ஒரே தண்ணி, ஏன் ஜாலாவுல இப்படி ஒரு கோடு? ஏன்னா பழைய பனியாறு அதுவரைக்கும் தான் வந்துச்சு. சர்மாவும் ஓவனும் 1996ல வெளியிட்ட ஆய்வுல, கங்கோத்ரி பனியாறு இன்னைக்கு இருக்குற மூக்குல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல கீழ எறங்கி ஜாலா வரைக்கும் ஒரு காலத்துல வந்திருக்குன்னும், அது சுமார் 63,000 வருஷத்துக்கு முன்னாடின்னும் சொல்றாங்க. அந்த வயச எப்படிக் கண்டுபுடிச்சாங்கங்குறது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், பசங்களும் இத சொன்னா தான் நிமிர்ந்து உக்காருறாங்க. மணல் துகள் மண்ணுக்குள்ள புதைஞ்சு வெளிச்சம் படாம கெடந்தா சுத்தியுள்ள கதிரியக்கத்தால அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா எலக்ட்ரான் சிக்கிக்கிட்டே வரும். அத இருட்டுலயே எடுத்துட்டுப் போயி லேப்ல வெளிச்சம் காட்டுனா சேத்து வச்சதெல்லாம் லேசா ஒளிரும், எவ்வளவு ஒளிருதோ அவ்வளவு காலம் புதைஞ்சு இருந்திருக்கு. சூரியன கடைசியா எப்போ பாத்துச்சுன்னு அந்த மணலே சொல்லிருது.

இதுல ஒரு முக்கியமான சங்கதி இருக்கு. உலகத்துல ஐஸ் உச்சத்துல இருந்தது சுமார் 21,000 வருஷத்துக்கு முன்னாடி. ஆனா பாகீரதில பெரிய பனியாறு அதுக்கும் ரொம்ப முந்தியே வந்துட்டுப் போயிருச்சு, உலகம் நல்லா உறைஞ்ச காலத்துல இங்க ஐஸ் அந்த அளவுக்கு நீளல. குளிர் மட்டும் இருந்தா பனியாறு வளராது, பனி விழுகணும், இமயமலைக்கு அந்த ஈரத்துல பெரும்பங்கு கொண்டு வர்றது தென்மேற்குப் பருவமழை. உலகம் ரொம்பக் குளிர்ந்தப்போ பருவமழையும் மெலிஞ்சு போச்சு, தீனி கொறஞ்சு போச்சு.

சரி, எல்லாப் பழியையும் ஐஸ் மேல போடவும் கூடாது. ஜாலா பக்கத்துல தான் மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட்டுங்குற பெரிய நிலப்பிளவு மண்டலமும் ஆரம்பிக்குது, அங்க பாறையோட வகை மாறுது, நொறுங்கிப் போன கல்லு, மலையும் இன்னும் ஒசந்துக்கிட்டே இருக்கு. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆறு அறுத்தாலே 60,000 வருஷத்துல 60 மீட்டர் ஆச்சு, ரெண்டு மூணு மில்லிமீட்டர்னா கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அதனால கீழ அவ்வளவு செங்குத்தா இருக்குறதுக்கு ஐஸ் வராதது ஒரு காரணம், மலை ஏறுற வேகமும் பாறையும் இன்னொரு காரணம்.

மெதுவா நடக்குற வேல, ஒரே நாள்ல நடக்குற வேல

மில்லிமீட்டர் கணக்க மட்டும் நம்புனா பள்ளத்தாக்கு அமைதியா தேயுதுன்னு நெனச்சுக்குவோம். அப்படி இல்ல. 1978 ஆகஸ்ட்ல ஜாலாவுக்குக் கீழ, கனோடியா காட்ங்குற ஓடைல பெரிய சரிவு வந்து பாகீரதியவே அணை கட்டுன கணக்கா மறிச்சிருச்சு, தண்ணி தேங்கி ஒடச்சுக்கிட்டு வெளிய வந்து உத்தரகாசி வரைக்கும் வெள்ளம். 1991 அக்டோபர் 20 நிலநடுக்கத்துல அந்தச் சரிவெல்லாம் திரும்ப உலுக்குச்சு. வி பகுதியோட ஆபத்து இது தான், சரிவு செங்குத்தா இருக்கு, விழுகுறதுக்கு ரெடியா இருக்கு.

யூ பகுதி பாக்க பத்திரமா தெரியும், தரை அகலம், வெயில் விழுகுது, ரோடும் ஹோட்டலும் கட்ட எடம் இருக்கு. ஹர்சிலுக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் மேல தராலி. கீர் கங்காங்குற ஓடை மேல இருந்து வந்து பாகீரதில சேர்ற எடத்துல விசிறி விரிப்பா ஒரு மேட்டு நிலம், அது மேல தான் கடைத்தெரு. அந்த விசிறி எதனால ஆனதுன்னா அந்த ஓடை முந்தி முந்தி கொண்டாந்து கொட்டுன கல்லும் சகதியும். ஐஸ் பின்வாங்குன பள்ளத்தாக்குல மேல ஏராளமா மொரெயின் தேங்கிக் கெடக்கும், புடிமானம் இல்லாம. பெரு மழைக்கோ மேல ஏதாச்சும் சரிஞ்சதுக்கோ அது மொத்தமா கெளம்பி வந்துரும். 2025 ஆகஸ்ட் 5 அப்படித் தான் வந்துச்சு, நிமிஷக் கணக்குல கடைத்தெரு மேல பாஞ்சு மாடி மாடியா கட்டடத்த அள்ளிட்டுப் போச்சு. அங்க கல்ப் கேதார்னு ஒரு பழைய கோயில், முன்னாடியே ஒரு தடவ இதே ஓடையோட கல்லு மண்ணுல புதைஞ்சு தோண்டி எடுத்த கோயில், இப்போ திரும்பவும் புதைஞ்சுபோச்சு.

தராலி வெள்ளத்தப்போ நாம எல்லாரும் போன்ல பாத்த அந்த வீடியோ எங்கருந்து எடுத்ததுன்னு கவனிச்சீங்களா? எதிர்க்கரை முக்பா கிராமத்துல இருந்து. கங்கைத் தாயோட குளிர்கால இருப்பிடம் அது, பழைய ஊரு, ஆத்து மட்டத்துல இல்லாம எதிர்ச் சரிவுல நல்லா ஒசந்து உக்காந்துருக்கு. மேல இருந்து விசிலடிச்சு கீழ உள்ளவங்கள ஓடுங்க ஓடுங்கன்னு கத்துறாங்க. எனக்கு அத இன்னைக்கும் முழுசா பாக்க முடியல. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய கடல் எடுத்தத பெரியவங்க சொல்லக் கேட்டு வளந்த ஊர்க்காரங்களுக்கு, சட்டுன்னு புதுசா கெடச்ச தட்டையான நெலம் எதனால தட்டையா இருக்குன்னு கேக்காம அது மேல வீடு கட்டுறது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்ல.

நம்ம கடலுக்கும் ஐஸுக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலைல இந்தக் கடைசி ஐஸ் காலத்துலயும் பனியாறு இல்ல, வைகை பொறக்குற வருசநாட்டு மலையெல்லாம் மழையும் ஆறும் செஞ்சது. ஆனா அந்த ஐஸ் காலம் நம்மள தொடாம போகல. 21,000 வருஷத்துக்கு முன்னாடி வட அமெரிக்கா, ஐரோப்பா மேலயெல்லாம் கிலோமீட்டர் கணக்கு தடிமன்ல ஐஸ் ஒக்காந்து கெடந்தப்போ அந்தத் தண்ணி கடல்ல இருந்து போனது தான, கடல் மட்டம் இன்னைக்கு விட சுமார் 120 மீட்டர் கீழ. நம்ம வடகடலோட ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு மீட்டருக்குள்ள தான். அப்போ மண்டபத்துல இருந்து தலைமன்னார் வரைக்கும் நடந்தே போகலாம், வைகையும் ஆத்தங்கரைல முடிஞ்சிருக்காது, இன்னைக்கு வலை விரிக்கிற எடத்துல ஆத்துப்படுகையா ஓடியிருக்கும். ஐஸ் உருக உருக கடல் ஏறி, கடைசி பத்தாயிரம் வருஷத்துக்குள்ள தான் அந்தத் தரை கடலா ஆச்சு. கொஞ்சம் கூடவே ஏறிட்டு பெறகு எறங்கியிருக்கு, ராமேஸ்வரம் தீவுல கடல் மட்டத்துக்கு மேல செத்து நிக்கிற பழைய பவளப்பாறை அதுக்குச் சாட்சி, ரேடியோ கார்பன் கணக்குல சுமார் 4,000 வருஷம்.

இத சொன்னதும் ஒரு பையன், மீன்புடிக் குடும்பத்துப் பையன், "சார், அப்போ கங்கோத்ரி உருகுனா நம்ம பக்கம் கடல் ஏறுமா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி, தம்பி. கங்கோத்ரி மட்டும் உருகுனா கண்ணுக்குத் தெரியாது. அண்டார்டிகாவையும் கிரீன்லாந்தையும் தவிர்த்து உலகத்துல உள்ள எல்லா மலைப் பனியாறும் மொத்தமா உருகுனாலும் கடல் ஏறுறது ஒரு அடியும் கொஞ்சமும் தான். கிரீன்லாந்து மொத்தமும் போனா ஏழு மீட்டர், அண்டார்டிகா போனா அம்பது மீட்டருக்கும் மேல. ஆனா அந்த ஒரு அடி கூட தனுஷ்கோடி மணல் தீடைக்கு சின்னது இல்ல, புயல் நேரத்துல அல அந்த ஒரு அடிக்கு மேல நின்னு தான் அடிக்கும்.

கோமுகம் பின்னாடி போறது அளந்து பாத்த உண்மை. 1935ல இந்திய புவியியல் ஆய்வுத் துறையோட ஆடன் அந்த மூக்க வரைபடமா போட்டு வச்சாரு, அதுல இருந்து 1996 வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல பின்வாங்கியிருக்கு, சராசரி வருஷத்துக்கு 19 மீட்டர் வாக்குல. ஐஸ் விட்டுட்டுப் போன ஒவ்வொரு மீட்டர்லயும் அடுத்த நாளே ஆறு வேலய ஆரம்பிச்சிருது, இறுகாத மொரெயின அரிச்சு கீழ அனுப்புது, முட்டுக் குடுத்த ஐஸ் போனதால பக்கச் சரிவும் சரியுது. அரிச்சது முந்தி சமவெளி வரைக்கும் தங்குதடையில்லாம போச்சு, 2006ல இருந்து கீழ பாகீரதிக்கு குறுக்க கட்டுன டெஹ்ரி அணை நீர்த்தேக்கத்துல பெரும்பகுதி படிஞ்சிருது.

பாக்கணும்னு ஆசப்படுறவங்க கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் தொறந்து ஹர்சில்ல ஆத்துக்கு குறுக்க ஒரு கோடு போட்டு உயர வெட்டுமுகம் காட்டச் சொல்லுங்க, அகலமான அடி தெரியும். அப்படியே பைரோன்காட்டில ஒண்ணு, அகலத்துக்குள்ள ஒரு கீறல் தெரியும். கங்நானில ஒண்ணு, வெறும் வி. மூணு கோடும் ஒரே நீளத்துக்கு போடுங்க, பக்கத்துல உள்ள உயர எண்ணையும் பாத்து ஒப்பிடுங்க, இல்லன்னா ஸ்கிரீன்ல எல்லாமே வி மாதிரி இழுத்துக் காட்டும்.